இரண்டு வேலை, ஒரே வரிக் கணக்கு

பிரஞ்சு ஆட்சி 1954-ல் காரைக்காலை விட்டகன்றது. 1963 ஏப்ரலில் இந்திய வருமான வரிச் சட்டம் இங்கும் அமுலுக்கு வந்தது. "வரி பணக்காரனுக்குத்தானே?" என்று இருந்துவிடக் கூடாது, தோழர்களே!

மில்லில் ஆண்டுக்கு 3 லட்சம் சம்பளம். மீதி நேரத்தில் ஒரு கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் வேலை செய்து 1.5 லட்சம். 2025-26க்கான புதிய முறைப்படி, சம்பளத்தில் 75,000 கழிவு போக வருமானம் 3.75 லட்சம். 4 லட்சம் வரை வரியே கிடையாது. ஆயினும் காண்ட்ராக்ட் பணத்தில் 1 சதவீதம், அதாவது 1,500 ரூபாய், பிடிப்பார்கள். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம்: 30,000 ரூபாய்!

இந்தப் பணம் தானாக வீடு தேடி வராது. ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் திரும்பும். எண் தராதவரை, பிடிக்கப்பட்டது உங்கள் கணக்கில் ஏறாது.

நிலச்சுவான்தாரின் விவசாய வருமானத்துக்குச் சட்டம் வரிவிலக்குத் தருகிறது. அதே வயலில் நடவு நட்டவரின் கூலிக்கு அந்த விலக்கு இல்லை. சொற்பக் கூலி என்பதால்தான் வரி விழவில்லை. இந்த நியாயத்தை எதிர்த்துப் போராடுவோம். அதுவரை, எண்ணைக் கொடுங்கள், பிடித்தத்துக்குச் சான்றிதழ் கேளுங்கள், சங்கத்தில் கூடிக் கணக்குப் பாருங்கள். உழைத்த காசு ஒன்றையும் விடாதீர்கள்!