மக்னீசியம்: மாத்திரைக்கு முன் சாப்பாட்டைக் கவனிப்போம்

கொல்கத்தாவில் மே மாத வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை வாட்டும். படாபஜாரில் மூட்டை தூக்குபவருக்கும், சியால்தாவை ஒட்டிய கோலே மார்க்கெட்டில் காய்கறிக் கூடை சுமப்பவருக்கும், வேலை முடிந்து உட்காரும்போது கெண்டைக்கால் சுருட்டி இழுப்பது பழகிப்போன வேதனை. லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பெரியவர்களுக்கு அதே வலி நள்ளிரவில் வருகிறது. இரு தரப்புக்கும் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: மக்னீசியம் மாத்திரை போடுங்கள். அதில் எவ்வளவு உண்மை என்று நிதானமாகப் பார்ப்போம்.

தசைக்கு மக்னீசியம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. தசையைச் சுருங்கச் செய்வது கால்சியம். சுருங்கிய தசை தளர வேண்டுமானால், அந்தக் கால்சியம் தசை இழைக்குள் உள்ள சேமிப்பறைக்குத் திரும்ப இறைக்கப்பட வேண்டும். இறைப்பதற்கு ஆற்றல் தருவது ஏடிபி என்ற மூலக்கூறு. அது மக்னீசியத்தோடு சேர்ந்திருந்தால்தான் பயன்படும். எனவே இந்தச் சத்து மிகவும் குறைந்தால் தசை துடிக்கும், இழுக்கும், வலுவிழக்கும்.

நம் உடலில் சுமார் 25 கிராம் மக்னீசியம் இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில். மீதியில் பெரும்பகுதி தசையிலும் பிற திசுக்களிலும். இரத்தத்தின் நீர்ப்பகுதியில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதனால் இரத்தப் பரிசோதனை சரியாக வந்தாலும், உடலின் மொத்தக் கையிருப்பு அதில் தெரிந்துவிடாது.

ஆனால் எல்லா இழுப்புக்கும் மக்னீசியக் குறைவு காரணமல்ல. வியர்வையில் பெருமளவு வெளியேறுவது நீரும் உப்பும், மக்னீசியம் சொற்பமே. மூட்டை சுமப்பவருக்கு முதலில் வேண்டியது உப்புக் கலந்த நீராகாரமும் ஓய்வும். முதியவர்களின் கால் இழுப்பைப் பற்றி, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட 2020ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பீடு, மக்னீசியம் சொல்லிக்கொள்ளும்படி பலன் தர வாய்ப்பில்லை என்றது. கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

உண்மையான குறைபாடு நீண்டநாள் வயிற்றுப்போக்கு, மதுப்பழக்கம், கட்டுப்படாத சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வரலாம். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையையோ அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையோ ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கும் வரலாம். இவர்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்கள் தாமாக மாத்திரை வாங்கிப் போடவே கூடாது. வெளியேற வழியில்லாமல் மக்னீசியம் தேங்கினால் தசை தளர்ந்துபோகும், இதயத் துடிப்பும் கெடும்.

மற்றவர்களுக்குச் சாப்பாடே போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2020 பரிந்துரை, ஆண்களுக்கு நாளொன்றுக்கு 440 மில்லிகிராம், பெண்களுக்கு 370. வங்காளியும் தமிழரும் விரும்பி உண்ணும் தீட்டிய வெள்ளை அரிசியில் 100 கிராமுக்கு 20 மில்லிகிராம் அளவுதான் இருக்கிறது. தவிட்டோடு பெரும்பங்கு போய்விடுகிறது. முழுக் கோதுமை, கம்பு, கேழ்வரகு, கடலை ஆகியவற்றில் 100 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. எள்ளிலும் பூசணி விதையிலும் இன்னும் அதிகம்.

கொல்கத்தாத் தெருமுனைகளில் பீகார்க்காரர்கள் விற்கும் சாத்து, வறுத்த கடலை மாவுதான். உப்பு, எலுமிச்சை, வெங்காயம் சேர்த்துக் கரைத்துத் தருகிறார்கள். உழைப்பாளிக்கு நீர், உப்பு, புரதம், மக்னீசியம் நான்கும் ஒரே குவளையில் கிடைத்துவிடுகின்றன. வங்காளிகள் சோற்றோடு முதலில் உண்ணும் கீரையும் நல்ல வழக்கம். இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையத்தின் நடுவிலேயே மக்னீசிய அணு இருக்கிறது. கீரை வேகவைத்த நீரைக் கொட்டினால் இந்தச் சத்தில் ஒரு பகுதி அதோடு போய்விடும்.

ஆகவே, கால் இழுத்தால் உடனே மாத்திரை தேடாதீர்கள். போதிய நீர் குடியுங்கள், இழுக்கும் தசையை மெல்ல நீட்டிவிடுங்கள், அன்றாடச் சாப்பாட்டில் கடலையும் கீரையும் சிறுதானியமும் சேருங்கள். அதன்பிறகும் இழுப்பு தொடர்ந்தால், சாப்பிடும் மருந்துகளின் பட்டியலோடு மருத்துவரிடம் போங்கள்.