2 சதவீதத்துக்கு முன்னால்

ஓசூர் நம் தருமபுரி மாவட்டத்தில் இருந்த காலம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதெல்லாம் 2004-இல்தானே! 1980-இல் அங்கிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் போகலாம் என்பதுதான் அதன் பெருமை. நாம்தான் மூன்று பேரும் ஒரு மூட்டையுமாகப் போனோம்.

அந்த நிறுவனத்தைப் பல்லாண்டு நடத்திய வேணு சீனிவாசனைப் பற்றிப் பேச்சு வந்தால் நண்பர்கள் பத்ம பூஷண் என்பார்கள், திருவரங்கம் கோயில் திருப்பணி என்பார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1996-இல் தொடங்கிய சீனிவாசன் சேவை அறக்கட்டளை. கிராமங்களில் பெண்களைச் சேர்த்து சுயஉதவிக் குழு அமைப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று.

"லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்கச் சட்டமே இருக்கிறதே, மாமா" என்றார் என் மருமகன். பெரிய கம்பெனிகளுக்கான அந்த விதி நடைமுறைக்கு வந்தது 2014-இல். அப்போது அறக்கட்டளைக்கு 18 வயது!

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அங்கே முதலாளிக்கு 'பத்ரோன்' என்று பெயர். ஊரைக் காக்கும் புனிதருக்கும் அதே சொல்தான். அள்ளிக் கொடுப்பவர் கும்பிடையும் எதிர்பார்ப்பாரோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. குழுவில் தன் சேமிப்பைத் தானே எண்ணிக் கடன் வாங்கி, கொடுத்து அடைக்கும் பெண் யாரையும் கும்பிட வேண்டியதில்லை. அதனால்தான் கோயில் திருப்பணியை விட இதைப் பெரிதாக நினைக்கிறேன். பக்தர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்று 2 சதவீதத்துக்குக் கணக்கு எழுதும் கம்பெனிகள் எத்தனையோ. நானும் குமாஸ்தாதான், வவுச்சர் சரியாக இருந்தால் கோப்பை மூடியவன். அந்த ஊரில் குழு இன்னும் கூடுகிறதா என்று ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.