சுதந்திரப் போரை கார்ட்டூனில் சொல்ல முடியுமா? அமெரிக்கத் தொடர் காட்டிய வழி!

1776 ஜூலை 4, அமெரிக்க சுதந்திரப் பிரகடனம். தேதியை மனப்பாடம் செய்தால் பரீட்சை முடிஞ்சதும் மறந்துடும். அதையே கதையா பார்த்தா? 2002-ல் பிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த 'லிபர்ட்டிஸ் கிட்ஸ்' அனிமேஷன் தொடர் அதைத்தான் செய்தது.

கதை என்ன?

பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளினின் அச்சகம். அங்கிருந்து போர்ச் செய்திகளைத் தேடி ஓடும் ஜேம்ஸ், சாரா, குட்டிப் பையன் ஆன்ரி. 1773 பாஸ்டன் தேநீர்ப் போராட்டத்தில் தொடங்கி மொத்தம் 40 எபிசோடுகள். பிராங்க்ளினுக்குக் குரல் கொடுத்தவர் பிரபல செய்தி வாசிப்பாளர் வால்டர் கிரான்கைட்.

என்ன ஸ்பெஷல்?

ஜேம்ஸ் விடுதலைப் பக்கம். சாரா இங்கிலாந்துப் பெண். ஆரம்பத்தில் மன்னர் பக்கம். ரெண்டு பேரும் வாக்குவாதம் பண்ணும்போது, பார்க்கும் குழந்தைக்கு இரு தரப்பும் புரியும்.

சிக்கல் எங்கே?

எல்லோரும் சமம் என்று பிரகடனத்தில் எழுதிய ஜெபர்சனே அடிமைகளை வைத்திருந்தவர். 1775-ல், கிளர்ச்சியாளர்களிடம் இருந்த அடிமைகள் தங்கள் படையில் சேர்ந்தால் விடுதலை என அறிவித்தது ஆங்கிலேய ஆளுநர் டன்மோர்! அப்போ யார் நல்லவங்க, யார் கெட்டவங்க?

தொடர் இந்தக் கேள்வியை மறைக்கல. அச்சகத்தில் வேலை பார்க்கும் மோசஸ் ஒரு முன்னாள் அடிமை. 1781-ல் மாசசூசெட்ஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு விடுதலை பெற்ற எலிசபெத் ஃப்ரீமேனின் கதையும் வருது.

சாகசம் குழந்தையை உட்கார வைக்கும். "சுதந்திரம் யாருக்குக் கிடைச்சது?" என்று அது கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியது நாமதான்.