டிகோடர் போச்சுன்னு கார்டை எடுக்கறதுக்கு முன்னாடி

போன மாசம் ஒரு வீடியோல எனக்குப் பின்னாடி ஷெல்ஃப்ல ஒரு குட்டி ரயில் இன்ஜின் தெரிஞ்சது. நான் பேசினது வருமான வரி பத்தி. வந்த கேள்வியோ இன்ஜினைப் பத்தி. வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷமான ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார்: "அண்ணா, என்னோட ஹெச்.ஓ. இன்ஜின் நகர மாட்டேங்குது. டிகோடர் செத்துடுச்சு. வெளிநாட்டுல இருந்து சவுண்ட் டிகோடர் ஆர்டர் போடப் போறேன். கார்டுல இ.எம்.ஐ.யா மாத்திக்கலாமா?"

இ.எம்.ஐ. பத்தி நான் பதில் சொல்லல. "லைட் எரியுதா?"ன்னு மட்டும் கேட்டேன். எரியுதுன்னார். லைட் எரியுதுன்னா அந்த டிகோடர் இன்னும் கட்டளையைக் கேட்டுக்கிட்டுதான் இருக்கு.

தெரியாதவங்களுக்கு: டி.சி.சி. சிஸ்டத்துல தண்டவாளத்துல எப்பவும் கரண்ட் இருக்கும், அதோடயே கட்டளையும் சிக்னலாப் போகும். ஒவ்வொரு இன்ஜின் உள்ளயும் இருக்கற டிகோடர்ங்கற சின்ன சர்க்யூட், தன்னோட நம்பருக்கு வர்ற கட்டளையை மட்டும் எடுத்து மோட்டாரை ஓட்டும். புதுசா வர்றப்போ அந்த நம்பர் பெரும்பாலும் 3. இந்த நம்பர் உட்பட எல்லா செட்டிங்கும் சி.வி.ங்கற கட்டங்கள்ல பதிவாகி இருக்கும்.

தம்பிகிட்ட சி.வி. 19ஐப் படிக்கச் சொன்னேன். 12னு வந்தது. ரெண்டு இன்ஜினை ஒண்ணா சேர்த்து ஒரே வண்டியை இழுக்க வைக்கும்போது இந்தக் கட்டத்துல ஒரு குழு நம்பர் ஏறும். அது இருக்கற வரைக்கும் சொந்த நம்பர்ல வர்ற வேகக் கட்டளையை இன்ஜின் சட்டை பண்ணாது. லைட் மட்டும் எரியும். ஏதோ ஒரு ஞாயித்துக்கிழமை ஜோடி சேர்த்து ஓட்டிட்டு, பிரிக்க மறந்திருக்கார். 0ன்னு மாத்தினதும் இன்ஜின் கிளம்பிடுச்சு. செலவு பூஜ்யம். 11,000 ரூபாய் டிகோடர், அதுக்கு மேல ஷிப்பிங், கஸ்டம்ஸ், கார்டோட வெளிநாட்டுக் கட்டணம் (பல கார்டுல 3.5% வரை, அந்தக் கட்டணத்துக்கு மேல 18% ஜி.எஸ்.டி.) எல்லாம் தப்பிச்சது.

என் கருத்து இதுதான்: இன்ஜின் நின்னா, செலவே இல்லாத சோதனையில ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா மேல போகணும். வாங்கறது கடைசிப் படி. நாம பண்றது தலைகீழ். வாங்கறது சுலபம், ஒரு கிளிக். சோதிக்கறதுக்கு ஒரு சாயங்காலம் உட்காரணும்.

முதல்ல அழுக்கு. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் துணியில நனைச்சு தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடைங்க. விட்டு விட்டு ஓடறது, நடுவுல நின்னு போறது எல்லாம் பெரும்பாலும் இதுலயே சரியாயிடும். அதே தண்டவாளத்துல வேற இன்ஜின் ஓடுதான்னும் பாருங்க. அதுவும் ஓடலன்னா இன்ஜினைக் குறை சொல்ல வேண்டாம்.

அடுத்து புரோகிராமிங் டிராக்ல சி.வி. படிக்கறது. எதுவும் படிக்க முடியலன்னா உடனே டிகோடர் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டிடறாங்க. டிகோடர் "ஆமா"ன்னு பதில் சொல்றதே மோட்டாருக்கு ஒரு நொடிக்கும் குறைவா கரண்ட் கொடுத்துதான். மோட்டார் ஒயர் விட்டுப்போயிருந்தாலோ, சக்கரம் அழுக்கா இருந்தாலோ அந்த பதில் வராது. ஊமைக்கும் பிணத்துக்கும் வித்தியாசம் இருக்குங்க.

தானா வேகமா ஓடிப் போகுதா? சி.வி. 29ஐப் பாருங்க. 6ன்னு இருந்தா 2 ஆக்குங்க, அனலாக் மோட் அணைஞ்சிடும். வேகம் கூட்டக் கூட்ட லைட் அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சா, கன்ட்ரோலர் 28 ஸ்டெப்ல இருக்கு, டிகோடர் 14ல இருக்குன்னு அர்த்தம். எதுவும் பிடிபடலன்னா ரீசெட். பல கம்பெனி டிகோடர்ல சி.வி. 8ல 8ன்னு எழுதினா பழைய நிலைக்கு வந்துடும், மேனுவலை ஒருமுறை பார்த்துக்கோங்க. அதுக்கு முன்னாடி இருக்கற மதிப்பை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. ஆடிட்டர் புத்தி, வேற என்ன.

இவ்வளவு பேசற நான் 7,600 ரூபாயைக் கரியாக்கினவன்.

ஒரு பழைய டி.சி. இன்ஜின்ல நானே டிகோடர் மாட்டினேன், 3,800 ரூபாய். ஓட விட்டதும் ஒரு வாசனை, அவ்வளவுதான். சரக்கே மோசம்னு முடிவு பண்ணி, மறு நிமிஷமே இன்னொண்ணு ஆர்டர் போட்டேன். மூணு வாரம் கழிச்சு வந்துச்சு, மாட்டினேன், அதே வாசனை. அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். பழைய இன்ஜின்கள் பலதுல மோட்டாரோட ஒரு பிரஷ் நேரா இரும்பு உடம்புல தொட்டுக்கிட்டு இருக்கும். உடம்பு வழியா தண்டவாளத்துக் கரண்ட் நேரா டிகோடரோட மோட்டார் ஒயருக்குள்ள போகும். அப்படி இருந்தா எந்தக் கம்பெனி டிகோடரும் தாங்காது. மோட்டார் முனைக்கும் சக்கரத்துக்கும் நடுவுல மீட்டர் பீப் அடிக்கக் கூடாது. டிகோடரைக் கழட்டி வச்சுட்டுப் பார்க்கற இந்த ரெண்டு நிமிஷ வேலையை நான் செய்யல. ஏன் எரிஞ்சதுன்னு கேட்காம புதுசு வாங்கினா, அதுவும் எரியத்தான் செய்யும். முதல் 3,800 அறியாமைக்குன்னு விட்டுடலாம். ரெண்டாவது 3,800க்கு எந்தக் கணக்குத் தலைப்பும் எனக்குக் கிடைக்கல.

இன்னொரு நல்ல சோதனை: டிகோடரைக் கழட்டி, அந்த சாக்கெட்ல பிளாங்கிங் பிளக் சொருகி, சாதாரண 12 வோல்ட் டி.சி. கன்ட்ரோலர்ல ஓட்டிப் பாருங்க. அப்பவும் திக்குதுன்னா கோளாறு மோட்டார்லயோ கியர்லயோ. அழகா ஓடுதுன்னா அப்போ டிகோடரை சந்தேகப்படலாம்.

நான் ஒரு துண்டு கேப்டன் டேப் ஒட்டி பிரஷ்ஷைப் பிரிச்சு, மூணாவது டிகோடர் மாட்டினேன். ஷெல்ஃப்ல பார்த்தீங்களே, அந்த இன்ஜின்தான்.

தம்பிக்கு சவுண்ட் ஆசை இன்னும் போகலையாம். வாங்கிக்கோங்கன்னுதான் சொன்னேன். மாசம் 2,000 தனியா எடுத்து வச்சா ஏழெட்டு மாசத்துல ஷிப்பிங்கோட சேர்ந்துடும். இ.எம்.ஐ. வேண்டாம்.