கசிவைச் சொல்லும் கருவி

ஏரி பொதுச்சொத்து, அதனைக் காப்பதும் பொதுக்கடமை. திருமானூர் வட்டாரத்துச் சுக்கிரன் ஏரியின் கரையில் கசிவைக் கண்டவர் ஊருக்குச் சொல்ல வேண்டும். கேட்டவர் விரைந்து அடைக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் கரை நில்லாது. கட்டற்ற மென்பொருளுக்கும் இது பொருந்தும்.

யாவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் இடம்பெற்ற பாஸ் லினக்ஸ் அத்தகையது. டெபியன் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டு, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் அது உருவானது. டெபியன் குழுவினர் 1997இல் ஏற்ற சமூக ஒப்பந்தத்தில், குறைகளை மறைப்பதில்லை என்பதும் ஓர் உறுதிமொழியாகும்.

குறைகளை அறிய உதவுவது செயலிழப்பு அறிக்கைக் கருவி. மென்பொருள் திடீரென நின்றுவிடும்போது, அக்கணத்தின் நிலையைப் பதிவுசெய்து நிரலாளர்க்கு அனுப்ப அது வழிசெய்கிறது. மற்றொரு கட்டற்ற இயங்குதளமான ஃபெடோரா, 2009இல் தன் 12ஆம் பதிப்பில் ஏபிஆர்டி என்னும் கருவியை இணைத்தது. வழுவை விளக்கத் தெரியாத புதியவரும் அதனால் பங்களிப்பாளர் ஆனார். ஆயினும் ஒரே வழுவைப் பற்றிய அறிக்கைகள் பல வந்தன. போதிய விவரமற்றவையும் வந்தன. அவற்றைப் படிப்பவருள் ஓய்வுநேரத்தில் உழைக்கும் தன்னார்வலர் பலர். நினைவகப் பதிவில் பயனரின் கடவுச்சொல் முதலியன சிக்கிக்கொள்ளும் இடரும் உண்டு.

இத்தகைய கருவியை நீக்கிவிட்டால் சுமை குறையும் என்பர் சிலர். சுமை குறையும், வழு குறையாது. வழுவை முறையாக எழுதி அனுப்ப அறிந்தவர் குரலே கேட்கும். சிற்றூர் மாணவர் ஒருவர் படும் இடர்ப்பாடு எவர்க்கும் தெரியாமலே போகும். ஆகவே கருவியை நிலைநிறுத்துவதே தக்கது. ஆனால், அதற்கு மூன்று வரையறைகள் வேண்டும்.

முதலாவது, அனுப்பப்படுவது யாது எனப் பயனர் கண்டு ஒப்புதல் அளிக்க வேண்டும். இரண்டாவது, ஒரே வழுவைப் பற்றியவற்றைக் கருவியே ஒன்றுசேர்க்க வேண்டும். தனிப்பட்ட தரவுகளை நீக்கிய சுருக்க அறிக்கைகளை ஏபிஆர்டி பின்னர் ஏற்றது, அம்முறை பின்பற்றத்தக்கது. மூன்றாவது, வரும் அறிக்கைகளைப் படிக்கப் பொறுப்பானவர்கள் இருத்தல் வேண்டும். படிப்பார் எவருமிலர் எனில், கருவியை நிறுத்திவிடுதலே நேர்மை. கேளாச் செவிக்குச் செய்தி அனுப்பச் சொல்வது, அனுப்புபவரின் நம்பிக்கையைச் சிதைக்கும்.

எத்தனை அறிக்கைகள் குவிந்தன என்பது கருவியின் பயனுக்கு அளவுகோலாகாது. அவற்றால் எத்தனை வழுக்கள் தீர்ந்தன என்பதைக் கொண்டே அதன் எதிர்காலத்தை முடிவுசெய்தல் வேண்டும்.