குண்டுக்குத் தடவிய கொழுப்பு

குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய ரைபிளில் கூம்பு வடிவ ஈயக் குண்டைப் போடுவதற்கு ஒரு கணக்கு உண்டு. ஈயம் மென்மையாக இருக்க வேண்டும். குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் சுலபமாக உள்ளே இறங்கும். வெடித்ததும் அடிப்பாகம் விரிந்து குழலின் சுழல் பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும். கருமருந்தின் கரி இறுகினால் அடுத்த குண்டு இறங்காது. அதை இளக்கி வைக்கத்தான் மெழுகும் கொழுப்பும்.

என்ஃபீல்டு ரைபிளை இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பெனி அரசு இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டது. தோட்டாவின் காகிதத்தைச் சிப்பாய் பல்லால் கடிக்க வேண்டுமே என்பதைத்தான் யோசிக்கவில்லை. வங்காளப் படையின் கர்னல் டக்கர் 1853லேயே எச்சரித்தும் பலனில்லை. பசு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு 1857 ஜனவரியில் டம்டம்மில் கிளம்பியது. 'கொழுப்பில்லாத தோட்டா தருகிறோம், பிடித்ததை நீங்களே தடவிக்கொள்ளுங்கள்' என்று அந்த மாதமே அரசு இறங்கி வந்தது. காலம் கடந்துவிட்டது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவை வாங்க மறுத்தார்கள். அன்று நீட்டப்பட்டது அவர்களுக்குப் பழக்கமான பழைய தோட்டாதான்! மே 10 அன்று கிளர்ச்சி வெடித்தது.

தோல் சேர்த்த தலைப்பாகையைத் திணித்து 1806ல் வேலூரில் பட்ட அடியும் மறந்திருந்தது. கருமருந்துத் துப்பாக்கியைப் பொழுதுபோக்காகச் சுடுபவர்கள் இன்று தேன்மெழுகில் தாவர எண்ணெய் கலந்து பூசுகிறார்கள். குண்டு ஒழுங்காகத்தான் பாய்கிறது. அந்த மெழுகும் எண்ணெயும் அன்றும் கிடைத்தன. கடிக்கப்போகிறவனை முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.