பணத்தோடு வரும் வாய்ப்பூட்டு



ஆசையாக வாங்கிய செல்போன் கொதிக்கிறது, புகைகிறது. சர்வீஸ் சென்டருக்கு நடையாய் நடந்த பிறகு ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். 'பணத்தைத் தந்துவிடுகிறோம். ஆனால், இதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போடுங்கள்.' என்ன செய்வீர்கள்?

இப்படியும் கேட்பார்களா? கேட்டிருக்கிறார்கள். 2009-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், 11 வயதுச் சிறுமியின் ஐபாட் டச் என்ற கையடக்க இசைக் கருவி கீழே விழுந்து, சூடேறிச் சீறியது. அப்பா அதைக் கொல்லைப்புறம் வீசினார். அங்கே அது வெடித்தது. அவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். அதைத் தயாரித்த ஆப்பிள் நிறுவனம் தனக்குப் பொறுப்பில்லை என்றது. பணம் தருவதாகவும் சொன்னது. ஆனால், அந்த ஒப்பந்தத்தைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது, மீறினால் வழக்கு என்று நிபந்தனை போட்டது. குடும்பம் கையெழுத்திட மறுத்தது. 'டைம்ஸ்' நாளிதழ் செய்தி வெளியிட, விஷயம் ஊரறிந்தது.

எவ்வளவு பணம் கொடுத்தோம் என்பதை நிறுவனம் ரகசியமாக வைத்துக்கொள்ள விரும்பினால் அதில் ஒரு நியாயம் இருக்கலாம். பொருள் வெடித்ததையே மறைக்கச் சொல்வது எந்த நியாயம்? அதே மாடல் கருவி பக்கத்து வீட்டுக் குழந்தையின் தலையணைக்கு அடியிலும் இருக்கலாம் அல்லவா?

2016-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்கள் தீப்பிடித்தபோது, வாங்கியவர்கள் படம் பிடித்து வெளியிட்டார்கள். விற்பனைக்கு வந்த சில வாரங்களிலேயே சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. மாற்றித் தந்த போன்களும் தீப்பிடிக்கவே, அந்த மாடலையே நிறுத்தியது. ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா?

நம் நாட்டில், குறையுள்ள பொருளுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்க 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆபத்தான பொருட்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. ஆனால், நாம் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்?

எனவே பில், வாரண்டி கார்டு, பழுதான பொருளின் போட்டோ, புகார் எண் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். எதை நீட்டினாலும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாவிட்டால் வீட்டுக்கு எடுத்துவந்து, தெரிந்தவர்களிடம் காட்டிக் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

நமக்கு வர வேண்டிய பணத்துக்கு நம் மௌனம் விலை ஆகக்கூடாது. உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். இன்னொரு வீடு தப்பிக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்